டி.எல்.டி. மாத்திரையும் வீட்டில் இருக்கும் மற்ற மாத்திரைகளும்

எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு டி.எல்.டி. மாத்திரை. பல வருஷப் பழக்கம், ஒரு நாள் தவறியதில்லை. கொஞ்ச நாளாக நெஞ்செரிச்சல். மருந்துக் கடையில் கேட்டு ஆன்டாசிட் பாட்டில் ஒன்று வாங்கி வந்து, மாத்திரை போட்ட கையோடு அதிலும் இரண்டு மூடி குடித்துவிட்டுப் படுக்கிறார். எரிச்சல் அடங்கிவிடுகிறது. சில மாதம் கழித்து ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, எடுத்துப் பார்த்தால் வைரஸ் மறுபடி தலைதூக்கியிருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று ஆலோசகர் கேட்கிறார். ஒரு நாள்கூட விட்டதில்லை என்று சத்தியம் செய்கிறார் இவர். பொய் இல்லை. மாத்திரை வயிற்றுக்குள் போனது, ரத்தத்துக்குள்தான் போய்ச் சேரவில்லை.

டி.எல்.டி. என்பது டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 என்று மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை. அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் பெரியவர்களுக்கு இன்று முதலில் கொடுப்பது இதைத்தான். மூன்றில் பலசாலி டோலுடெகிராவிர். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மேலே சொன்ன விபத்தும் விளங்கிவிடும்.

எச்.ஐ.வி. தன் மரபுச் செய்தியை நம் வெள்ளணுவின் டி.என்.ஏ.வுக்குள் ஒட்டவைத்துக்கொள்ளும் வைரஸ். ஒட்டும் வேலையைச் செய்வது இன்டெக்ரேஸ் என்ற நொதி. அந்த நொதியின் நடுவில் இரண்டு மெக்னீசியம் அயனிகள் உண்டு. அவை இல்லாவிட்டால் ஒட்டு நடக்காது. டோலுடெகிராவிர் நண்டுக் கொடுக்குபோல அந்த இரண்டையும் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. வைரஸ் உள்ளே வந்தும் குடியேற வழியில்லாமல் போகிறது. சிக்கல் என்னவென்றால், அந்தக் கொடுக்குக்கு இடம் பொருள் தெரியாது. ஜெலூசில், டைஜீன் போன்ற ஆன்டாசிட்டுகளில் இருப்பது அலுமினியமும் மெக்னீசியமும். சத்து மாத்திரைகளில் இரும்பும் கால்சியமும். இவற்றை வயிற்றிலேயே சந்தித்தால் அங்கேயே கவ்விக்கொள்ளும். அப்படிக் கவ்விக்கொண்ட மருந்து குடல் சுவரைத் தாண்டாது. ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்த ஆய்வில், உடம்பில் சேர்ந்த டோலுடெகிராவிர் சுமார் 74 சதவீதம் குறைந்தது. முக்கால் மாத்திரையைச் சாக்கடையில் போட்டதற்குச் சமம்.

தீர்வு எளிது. ஆன்டாசிட் குடிக்க 2 மணி நேரம் முன்பே டி.எல்.டி.யைப் போட்டுவிட வேண்டும், அல்லது ஆன்டாசிட் குடித்து 6 மணி நேரம் ஆன பிறகு போட வேண்டும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் கொஞ்சம் சலுகை உண்டு: வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு டி.எல்.டி.யையும் சத்து மாத்திரையையும் சேர்த்தே போடலாம், உறிஞ்சப்படுவதில் பெரிய குறைவு வராது. வெறும் வயிற்றில் என்றால் அதே இரண்டு, ஆறு மணிக் கணக்குதான். கர்ப்பிணிகளுக்கு இது ரொம்ப முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா கர்ப்பிணிகளுக்கும் இரும்புச் சத்தும் கால்சியமும் தருகிறார்கள். டி.எல்.டி. வருவது வேறு மையத்திலிருந்து. இரண்டு இடத்துக்காரர்களும் சந்தித்துப் பேசிக்கொள்வதில்லை. மூன்று மாத்திரைகளும் ஒன்றாகச் சேர்வது அந்தப் பெண்ணின் உள்ளங்கையில்தான்.

நம் ஊருக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். அயச்செந்தூரம் என்பது இரும்பு. சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம் என்பவை சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். "இது மூலிகை மருந்துதானே, இங்கிலீஷ் மருந்தோடு மோதாது" என்ற நினைப்பில் டி.எல்.டி.யோடு சேர்த்து விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். வேதியியலுக்குச் சித்தா, அலோபதி என்ற பேதம் தெரியாது. உலோகம் உலோகம்தான்.

சரி, முக்கால் பங்கு குறைந்தால் என்ன, மீதிக் கால் பங்கு கொஞ்சமாவது வேலை செய்யாதா என்று கேட்கலாம். எச்.ஐ.வி. விஷயத்தில் அரைகுறை மருந்து சில சமயம் மருந்தே இல்லாததைவிட மோசம். மருந்து எடுக்காத ஒருவர் உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ் துகள்கள் பிறக்கின்றன. ஏறக்குறைய 9,700 எழுத்துகள் கொண்ட அதன் மரபுச் செய்தியைப் படியெடுக்கும் நொதியோ கவனமில்லாத எழுத்தர் மாதிரி, அடிக்கடி பிழைவிடும். இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், எந்த ஓரெழுத்துப் பிழையும் தினமும் எங்கேயாவது நடந்துகொண்டே இருக்கிறது. லாமிவுடினுக்கு அடங்காமல் போக வைரஸுக்கு ஒரே ஒரு பிழை போதும். அதனால்தான் லாமிவுடினைத் தனியாகக் கொடுத்தால் சில வாரங்களில் செல்லாக்காசாகிவிடும். மூன்று மருந்துகளுக்கும் ஒரே வைரஸ் துகளில், ஒரே சமயத்தில் பிழை விழ வேண்டுமென்றால் அது கிட்டத்தட்ட நடக்காத காரியம். கூட்டு மருந்தின் மொத்த தைரியமும் இந்தக் கணக்கில் இருக்கிறது. மூன்றில் ஒன்றின் அளவு இறங்கிப்போனால், மற்ற இரண்டும் தனியாக நிற்கின்றன. வைரஸ் பெருகுகிறது, ஆனால் மருந்தின் நிழலில் பெருகுகிறது. எதிர்த்து நிற்கத் தெரிந்தவை மட்டும் தங்கும்.

இதை உலகம் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜிடோவுடின்தான் முதல் மருந்து. தனியாகக் கொடுத்தார்கள், சில மாதங்கள் தாங்கியது, பிறகு கைவிட்டது. 1996-ல் வான்கூவரில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில்தான் மூன்று மருந்துச் சிகிச்சையின் முடிவுகள் வெளிச்சத்துக்கு வந்தன. மரணப் படுக்கையில் இருந்தவர்கள் எழுந்து நடந்த காலம் அது. ஆனால் அந்தச் சிகிச்சை லேசுப்பட்டதல்ல. இண்டினாவிர் என்ற மருந்தை எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வெறும் வயிற்றில், குடம் குடமாகத் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். இல்லையென்றால் சிறுநீரகத்தில் கல். அலாரம் வைத்து வாழ்ந்தார்கள்.

விலையோ ஒரு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல். 2001-ல் சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீத், வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று முன்வந்த பிறகுதான் ஏழை நாடுகளுக்கும் இந்தச் சிகிச்சை சாத்தியம் என்ற பேச்சே எழுந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில், 1986-ல். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. இலவச ஏ.ஆர்.டி. வந்ததோ 2004 ஏப்ரல் 1-ல்தான். முதலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. நடுவில் போன 18 வருஷங்களில் எத்தனை பேர் போனார்கள் என்பது வேறு கதை.

அப்போது கொடுத்த ஸ்டாவுடின் உயிரைக் காத்தது, முகத்தைக் கெடுத்தது. கன்னத்துக் கொழுப்பு கரைந்து குழிவிழும், கால் எரியும். நோயை மறைக்க நினைத்தவர்களை முகமே காட்டிக்கொடுத்தது. 2009-ல் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. நெவிராபின் போட்டவர்களுக்குத் தோல் தடிப்பும் கல்லீரல் பாதிப்பும் பயமுறுத்தும் என்பதால் முதல் இரண்டு வாரம் பாதி அளவில் தொடங்குவார்கள். எஃபாவிரென்ஸ் கனவுகளைக் கிளறிவிடும். இந்தக் காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்றும் "ஏ.ஆர்.டி. உடம்பை அரித்துவிடும்" என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த மருந்துகள் பெரும்பாலும் போய்விட்டன. அந்தப் பயம்தான் போகவில்லை.

டி.எல்.டி.க்குப் பக்க விளைவே கிடையாதா என்றால் அப்படியும் இல்லை. சிலருக்குத் தூக்கம் கெடும். ராத்திரி போடுவதைக் காலைக்கு மாற்றினால் பலருக்குச் சரியாகிவிடும். எடை கூடுவது உண்டு. கவனிக்க வேண்டியது சிறுநீரகம். டெனோஃபோவிர் நாளடைவில் சிலருக்கு அதைப் பாதிக்கும், அதனால்தான் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) அளவைப் பார்க்கிறார்கள். இதில் ஒரு குழப்பமும் உண்டு: டோலுடெகிராவிர் தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியாட்டினின் லேசாக ஏறி அப்படியே நின்றுவிடும். சிறுநீரகம் கெட்டதால் அல்ல, கிரியாட்டினினை வெளியேற்றும் ஒரு வாசலை மருந்து கொஞ்சம் அடைப்பதால். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து தானே மருந்தை நிறுத்தக் கூடாது. லேசான அந்த ஏற்றமா, ஏறிக்கொண்டே போகும் ஏற்றமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். டெனோஃபோவிர் சாப்பிடுபவர்கள் மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளையும் ஊசிகளையும் நாள் கணக்கில் போடுவது நிஜமாகவே சிறுநீரகத்துக்கு ஆபத்து. வலி மாத்திரையை நாம் மருந்தாகவே எண்ணுவதில்லை. கடையில் கேட்டால் கிடைப்பது எப்படி மருந்தாகும் என்ற எண்ணம்.

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் போடுபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. டோலுடெகிராவிரோடு சேர்ந்தால் ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவு கிட்டத்தட்ட 80 சதவீதம் கூடும். அதனால் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். சர்க்கரை டாக்டருக்கு டி.எல்.டி. பற்றித் தெரிந்திருந்தால்தானே பார்த்துக்கொள்ள முடியும்?

காசநோய்க்கு வருவோம். எச்.ஐ.வி. உள்ளவர்களை நம் நாட்டில் அதிகம் கொல்வது அதுதான். காசநோய்க்கான முக்கிய மருந்து ரிஃபாம்பிசின், கல்லீரலின் சுத்திகரிப்பு வேலையை முடுக்கிவிடும் ஆசாமி. கல்லீரல் டோலுடெகிராவிரையும் சேர்த்து வேகமாகக் கழித்துக்கட்டும். இதைச் சரிக்கட்ட, டி.எல்.டி. போட்டு 12 மணி நேரம் கழித்து இன்னொரு டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம் மாத்திரை தனியாகத் தருவார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. காசநோய் சிகிச்சை முடிந்ததும் கல்லீரல் உடனே பழைய நிதானத்துக்கு வந்துவிடாது என்பதால், இந்த இரண்டாவது மாத்திரையை மேலும் இரண்டு வாரம் தொடர வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: "டி.பி. மாத்திரை முடிந்தது" என்று இதையும் அன்றைக்கே நிறுத்திவிடுவது. வலிப்பு மருந்துகளான கார்பமசெபின், ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன் ஆகியவையும் ரிஃபாம்பிசின் ஜாதிதான். டோலுடெகிராவிர் அளவைக் குறைத்துவிடும்.

காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து வந்தவர்களுக்கு இன்னொரு அனுபவமும் நேரலாம். முதலில் காசநோய் மருந்து, அதைத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. என்பது பொது வழக்கம் (மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய் என்றால் நாலிலிருந்து எட்டு வாரம் பொறுப்பார்கள்). ஏ.ஆர்.டி. தொடங்கிச் சில வாரத்தில் திடீரென்று காய்ச்சல் ஏறும், நெறிகட்டி பெரிதாகும். மருந்து கெடுத்துவிட்டது என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. தூங்கிக்கிடந்த எதிர்ப்புச் சக்தி விழித்து, ஒளிந்திருந்த கிருமியோடு சண்டைக்குப் போகிறது. பார்க்க பயமாக இருக்கும், உடனே மையத்துக்குப் போக வேண்டும், ஆனால் தானாக ஏ.ஆர்.டி.யை நிறுத்தக் கூடாது.

முதல் மருந்துகள் பலிக்காமல்போய் இரண்டாம் கட்ட மருந்துகளில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கைப் பட்டியல் இன்னும் நீளம். அட்டாசனாவிர், லோபினாவிர், டாருனாவிர் போன்றவற்றோடு ரிட்டோனாவிர் என்ற துணை மருந்தும் இருக்கும். ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிடும் என்றால், ரிட்டோனாவிர் அதைக் கட்டிப்போடும். மற்ற மருந்துகள் கழியாமல் உடம்பில் தேங்கும். ஒற்றைத் தலைவலிக்குப் போடும் எர்கோட்டமின் மாத்திரை இதனோடு சேர்ந்தால் கைகால் ரத்தக்குழாய்கள் இறுகி விரல் அழுகும் அளவுக்குப் போகலாம். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் ஃப்ளுட்டிகசோன், பியூடெசோனைடு இன்ஹேலர்கூட ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட மாதிரி முகத்தை உப்பவைக்கும். கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாட்டின் ஆகவே ஆகாது. அட்டாசனாவிர் சாப்பிடுபவர்களின் கண் மஞ்சளாவது மட்டும் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் அதே அட்டாசனாவிர், வயிற்றில் அமிலம் இருந்தால்தான் கரையும். ஒமெப்ரசோல், பான்டாபிரசோல் போட்டால் கரையாமல் போகும். பாருங்கள், மறுபடி நெஞ்செரிச்சல் மாத்திரையில்தான் வந்து நிற்கிறோம்.

கர்ப்ப காலத்தில் டோலுடெகிராவிர் கூடாது என்று யாராவது சொல்லிக் கேட்டிருந்தால், அது 2018-ஆம் வருஷத்துச் செய்தி. போட்ஸ்வானாவில் நடந்த டிசெபாமோ ஆய்வில், கருத்தரிக்கும்போது இந்த மருந்தில் இருந்த 426 பெண்களில் நான்கு பேரின் குழந்தைகளுக்கு நரம்புக்குழல் குறை (மூளை, தண்டுவடம் சரியாக உருவாகாத பிறவிக் குறை) தெரிந்தது. உலகமே பதறியது. மேலும் ஆயிரக்கணக்கான பிரசவங்கள் கணக்கில் சேர்ந்தபோது அந்த வித்தியாசம் கரைந்துபோனது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் பெண்களுக்கும் இதையே முதல் தேர்வாகச் சொல்லிவிட்டது.

மருந்தை நிறுத்துவது பற்றி. "உடம்புக்கு ஒரு ஓய்வு கொடுப்போமே" என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே யோசித்தார்கள். ஸ்மார்ட் என்ற பெரிய ஆய்வில் 5,472 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தொடர்ந்து மருந்து, மறு பாதிக்கு விட்டு விட்டு மருந்து என்று பார்த்தார்கள். 2006-ல் வந்த முடிவு: விட்டவர்களிடம் சாவும் அதிகம், இதயம், கல்லீரல், சிறுநீரகக் கோளாறும் அதிகம். அதோடு ஓய்வு யோசனை ஓய்ந்தது. ஹெபடைட்டிஸ் பி-யும் சேர்ந்து இருப்பவர்களுக்கு நிறுத்துவது இன்னும் ஆபத்து. டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் சேர்த்தே அடக்கிவைத்திருக்கின்றன. சட்டென்று விட்டால் கல்லீரல் கொந்தளிக்கும். ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று சோதித்திருக்கிறார்களா என மையத்தில் ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு நாள் மறந்துபோனால்? ஞாபகம் வந்ததும் போட்டுவிடலாம். அடுத்த மாத்திரைக்கு இன்னும் நாலு மணி நேரம்கூட இல்லையென்றால் மறந்ததை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் போட வேண்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. டோலுடெகிராவிர் எப்போதாவது வரும் ஒரு மறதியைத் தாங்கும்; பழைய மருந்துகள் அந்த அளவுக்குத் தாங்கியதில்லை. தொடர்ந்து வாரக்கணக்கில் விடுவதுதான் கெடுக்கும். பெரும்பாலும் அப்படி விடுவது கல்யாணத்துக்கு, சாவுக்கு, திருவிழாவுக்கு என்று சொந்தக்காரர்கள் வீட்டில் தங்கும் நாட்களில். மாத்திரை கைப்பையில் இருக்கும். வெளியே எடுக்க முடியாது.

மேலே எழுதிய ஏறக்குறைய எல்லா விபத்துக்கும் பின்னால் இந்த மறைப்பு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆஸ்துமா டாக்டருக்குத் தெரியாது, பல் டாக்டருக்குத் தெரியாது, சர்க்கரை டாக்டருக்குத் தெரியாது. நோயாளியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கும். 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைப் பாகுபாடு என்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் நோயை வெளியில் சொல்வதையும் தடுக்கிறது. சட்டப் புத்தகத்தில் இருப்பது மருத்துவமனை வரவேற்பு மேஜை வரை வந்து சேர எவ்வளவு நாளாகும் என்பதை நம் எல்லோருக்கும் தெரிந்த மற்ற சட்டங்களை வைத்து ஊகித்துக்கொள்ளலாம்.

அதுவரைக்கும் ஒரு நடுவழி இருக்கிறது. புது மாத்திரை எதை வாங்கினாலும், அது இருமல் மருந்தோ சத்து டானிக்கோ, அதன் அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு ஏ.ஆர்.டி. மையத்து மருந்தாளுநரிடம் காட்டிக் கேட்கலாம். அங்கே எல்லாம் ஏற்கெனவே தெரியும், புதிதாக மறைக்க ஒன்றுமில்லை. அவசரமாகக் கேட்க வேண்டியிருந்தால் 1097 என்ற இலவச எண் இருக்கிறது, பெயர் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அந்த டப்பா. டி.எல்.டி. வரும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்று இருக்கும். டெனோஃபோவிருக்கு ஈரம் ஆகாது என்பதற்காக வைத்தது. பெயர் தெரியக் கூடாதென்று மாத்திரைகளைக் கொட்டி வேறு சிமிழிலோ காகிதத்திலோ பொதிந்து அடுக்களையில் ஒளித்துவைப்பவர்கள் நிறையப் பேர். அடுப்பங்கரை ஆவியில் அவை வீணாகும். உடம்பு நிலையாக இருப்பவர்களுக்கு இப்போது இரண்டு மூன்று மாத மருந்தைச் சேர்த்தே தருவதால் ஒளிக்க வேண்டிய டப்பாக்களும் கூடியிருக்கின்றன. லேபிளை வேண்டுமானால் சுரண்டிவிடுங்கள். டப்பாவை மாற்றாதீர்கள், பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள், மூடியை இறுக மூடி பீரோவில் வையுங்கள்.